தொட்டிலும் மருந்துப் போத்தலும்

சரித்திரம் என்றவுடன் முடிமன்னரும் அவர்தம் போர்களும், கடல்கடந்து வந்த கப்பல்களும், எழுந்து வீழ்ந்த பேரரசுகளுமே நம் நினைவுக்கு வருகின்றன. பால் குடித்து அரைநாழிகை செல்லுமுன் வயிறு பொருமி, குடித்ததைக் கக்கி, கால்களை மடக்கி வீரிட்டழும் பச்சிளங் குழந்தைக்கும் ஒரு சரித்திரம் உண்டென்றால் நேயர்களுட் சிலர் நகைக்கவுங்கூடும். ஆயினும் அக்குழந்தையைத் துயில வைப்பதற்கு மனிதர் செய்த முயற்சிகளுக்கு மூவாயிரத்தைந்நூறு ஆண்டளவான வரலாறு உண்டு. அதிலே பேரன்பும் உண்டு. பெரும் பிழைகளும் உண்டு. எண்ணிறந்த சிற்றுயிர்களின் இழப்பும் உண்டு. அந்த வரலாற்றை இன்று சிறிது நோக்குவோம்.

முதலில் இந்நோயின் இயல்பை அறிதல் வேண்டும். இதனை நோய் என்று சொல்வதுதானும் பெரும்பாலும் பொருந்தாது. உண்ட உணவு இரைப்பையிலிருந்து மேலே மீளாதபடி உணவுக்குழாயின் அடியில் ஒரு தசை வளையம் காவல் செய்கின்றது. பிறந்த குழந்தைக்கு அக்காவல் இன்னும் உறுதிப்படவில்லை. அதன் இரைப்பையோ சிறிது. உணவோ முழுவதும் நீர்மம். நாளின் பெரும்பகுதியை அது படுத்தே கழிக்கின்றது. ஆகவே குடித்த பாலிற் சிறிது மேலே வருகின்றது. இதனையே எதுக்களித்தல் என்றும் கக்கல் என்றும் நம்மவர் வழங்குவர். பாலோடு விழுங்கிய காற்று வயிற்றை உப்பச் செய்வதும் உண்டு. முதல் மூன்று மாதங்களில் ஏறத்தாழப் பாதிக் குழந்தைகள் நாளுக்கு ஒருமுறையேனும் பாலைக் கக்குகின்றன. நான்காம் மாதமளவில் இது உச்சமடைந்து, குழந்தை நிமிர்ந்திருக்கத் தொடங்கியபின் குறைந்து, ஒரு வயதளவில் பெரும்பாலோரிடம் மறைந்துபோகின்றது.

காரணம் புலப்படாத அழுகையும் இத்தகையதே. 1954ஆம் ஆண்டில் மொறிஸ் வெசல் என்னும் அமெரிக்க வைத்தியர் இவ்வழுகைக்கு ஓர் அளவுகோல் வகுத்தார். நாளொன்றுக்கு 3 மணி நேரத்துக்கு மேலாக, கிழமைக்கு 3 நாட்களுக்கு மேலாக, 3 கிழமைகளுக்கு மேலாக அழும் குழந்தையையே வயிற்றுவலிக் குழந்தை என்று அவர் கொண்டார். 1962ஆம் ஆண்டில் பிரேசில்ரன் என்னும் வைத்தியர் எண்பது தாய்மாரைக்கொண்டு தத்தம் குழந்தைகளின் அழுகையை நாட்குறிப்பில் எழுதுவித்தார். நலமாயுள்ள குழந்தைகளும் ஆறாங் கிழமையில் நாளொன்றுக்கு இரண்டே முக்கால் மணி நேரமளவில் அழுவதை அக்குறிப்புகள் காட்டின. அதன்பின் அழுகை படிப்படியாகக் குறைந்து, மூன்று நான்கு மாதங்களில் அடங்கிவிடுகின்றது.

நாம் கூறப்போகும் வரலாறு முழுவதற்கும் திறவுகோல் இங்கேதான் உள்ளது. தானே தணியும் துன்பத்திற்கு எந்த மருந்தைக் கொடுத்தாலும் அது கைகண்ட மருந்தாகவே தோன்றும். ஆறாங் கிழமையில், அழுகை உச்சநிலையில் இருக்கும்போதே, பெற்றோர் மருந்து தேடுவர். அடுத்த மாதம் அழுகை குறையும். காலம் செய்த உதவி மருந்தின் பெயரில் எழுதப்படும். பாட்டி தாய்க்குச் சொல்லுவாள். தாய் மகளுக்குச் சொல்லுவாள். இவ்வண்ணம் பயனற்றதும், சிலவேளை நஞ்சானதுமான பொருள் தலைமுறை தலைமுறையாகத் தொட்டிலருகே இடம்பெற்றது.

இவற்றுள் மிகப் பழையது எகிப்திலே காணப்படுகின்றது. கி.மு. 1550ஆம் ஆண்டளவில் எழுதப்பட்ட ஈபர்ஸ் பப்பைரசு என்னும் மருத்துவச் சுவடியில் இடைவிடாது அழும் குழந்தைக்கு ஒரு மருந்து கூறப்பட்டுள்ளது. ஒருவகைச் செடியின் காயையும் சுவரில் ஒட்டியிருக்கும் ஈயின் எச்சத்தையும் கலந்து வடித்து நான்கு நாட்கள் கொடுக்க வேண்டும் என்பது அதன் விதி. அச்செடி அபினிச் செடியே என்பது அறிஞர் பலருடைய கருத்தாகும். ஈயெச்சம் காலத்தால் மறைந்தது. அபினியோ மறையவில்லை. அழுகையை அடக்கும் அதன் வல்லமை கண்கூடாயிருந்தமையால் அது மூவாயிரம் ஆண்டுகளுக்குப் பின்னும் குழந்தைகளின் வாயிற் சொட்டிக்கொண்டிருந்தது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இங்கிலாந்திலே இதன் கொடுமை உச்சமடைந்தது. கொட்பிறேயின் பானம் என்று ஒரு மருந்து பதினெட்டாம் நூற்றாண்டிலேயே அங்கு வழக்கில் வந்திருந்தது. சீனிப் பாணியிலே அபினிச் சாற்றையும் சசபிராஸ் என்னும் வாசனை மரத்தின் சாரத்தையும் கலந்து செய்யப்பட்டது அது. வயிற்றுப் பொருமலுக்கும் அழுகைக்கும் பல் முளைக்கும் நோவுக்கும் அதுவே மருந்தென்று விற்கப்பட்டது. மான்செஸ்ரர், நொற்றிங்காம் முதலிய நகரங்களில் ஆலைகள் எழுந்தபோது, பிள்ளை பெற்ற சில கிழமைகளுக்குள் பெண்கள் தறிக்குத் திரும்ப வேண்டியவராயினர். குழந்தையை அயலிலுள்ள கிழவியிடமோ சிறுமியிடமோ சில காசு கொடுத்து விட்டுச் செல்வர். ஐந்தாறு குழந்தைகளை ஒருங்கே வைத்திருந்த அப்பராமரிப்பாளருக்கு எல்லாக் குழந்தைகளும் உறங்குவதே வேண்டியிருந்தது. பகல் முழுவதும் அவை உறங்கின.

உறங்கிய குழந்தை பாலுக்கு அழவில்லை. அழாத குழந்தைக்குப் பால் ஊட்டுவாரும் இல்லை. எலும்புந் தோலுமாய் மெலிந்து அவை இறந்தபோது, பலவீனம் என்றும் வலிப்பு என்றும் மரணப் பதிவேட்டில் எழுதினர். மருந்துக் கடைகள் தத்தம் விருப்பப்படி கலந்தமையால் ஒரு கடையின் பானத்துக்கும் மறுகடையின் பானத்துக்கும் வலிமை ஒத்திராது. போத்தலின் அடியில் அபினி படிந்துவிடுவதும் உண்டு. அதனால் முதற் கரண்டி தீங்கின்றிப் போக, கடைசிக் கரண்டி உயிரைக் குடித்துவிடும். 1845ஆம் ஆண்டில் இங்கிலாந்துத் தொழிலாளரின் நிலையை எழுதிய பிரெடெரிக் எங்கெல்ஸ் இப்பானத்தைப் பெயர் சுட்டியே கண்டித்தார். 1868ஆம் ஆண்டில் அந்நாட்டுப் பாராளுமன்றம் அபினி விற்பனைக்குச் சில கட்டுப்பாடுகளை விதித்தது. ஆயினும் காப்புரிமை பெற்ற மருந்துகளுக்கு அச்சட்டம் விலக்களித்தமையால் தொட்டில்கள் உடனே காப்பாற்றப்படவில்லை.

அமெரிக்காவிலும் இதே கதை நடந்தது. 1849ஆம் ஆண்டில் மெயின் மாநிலத்துப் பாங்கோர் நகரில் வின்ஸ்லோ அம்மையாரின் ஆற்றுப் பாணி என்னும் மருந்து விற்பனைக்கு வந்தது. அதில் அபினியின் சத்தாகிய மோர்பின் இருந்தது. தாயும் சேயும் முறுவலித்திருக்கும் அழகிய வண்ணப்படங்களால் அது விளம்பரமாயிற்று. பின்னாளிற் பெரும் புகழ்பெற்ற ஆங்கில இசைவல்லார் எட்வட் எல்கார், தம் இளமையில் இயற்றிய இசைக்கோவை ஒன்றின் பகுதிக்கு இம்மருந்தின் பெயரையே சூட்டினார் என்றால் அதன் செல்வாக்கை என்னென்பது! 1906ஆம் ஆண்டின் தூய உணவு மருந்துச் சட்டம் இத்தகைய பொருள்களைப் போத்தலின் மேற் குறிப்பிட வேண்டும் என்று கட்டளையிட்டது. மறைந்திருந்த மோர்பின் அதன்பின்னரே தாய்மாரின் கண்ணுக்குத் தெரிந்தது. 1911ஆம் ஆண்டில் அமெரிக்க மருத்துவச் சங்கம் வெளியிட்ட நூலொன்று இம்மருந்தைக் குழந்தைக் கொல்லிகளின் வரிசையிற் சேர்த்தது.

அபினிப் பானங்கள் பெருகியிருந்த அதே நொற்றிங்காம் நகரிலேதான் அபினி இல்லாத மருந்தொன்றும் பிறந்தது. வில்லியம் வூட்வேட் என்னும் மருந்து வணிகர் 1851ஆம் ஆண்டில் அதனை உருவாக்கினார். நம் தாய்மார் நன்கறிந்த கிறைப் வாட்டர் அதுவே. இங்கிலாந்தின் கிழக்குச் சதுப்பு நிலங்களில் அக்காலத்தில் மலேரியாக் காய்ச்சல் இருந்தது. அக்காய்ச்சலுக்குக் கொடுத்த மருந்தொன்று குழந்தைகளின் வயிற்றுக் கோளாற்றையும் தணிப்பதாகக் கண்டு, அதனை அடியாகக்கொண்டு அவர் தம் மருந்தைச் செய்தார் என்பர். சதகுப்பை எண்ணெய், அப்பச் சோடா, சீனி, தண்ணீர், சிறிதளவு மதுசாரம் ஆகியவையே அதன் கூறுகள். 1876ஆம் ஆண்டில் அதன் பெயர் வணிகக் குறியாகப் பதிவாயிற்று. ஆங்கிலேயர் ஆட்சி சென்ற இடமெல்லாம் அதுவுஞ் சென்றது.

அபினியோடு ஒப்பிடுங்கால் இது பெரியதொரு முன்னேற்றம் என்பதை ஒப்புக்கொள்ளல் வேண்டும். ஆயினும் குழந்தையை அமைதிப்படுத்தியது எது? சீனி நாவிற் பட்டதும் குழந்தை சற்று அடங்கும். மதுசாரம் எவரையும் மயக்கும். இவ்விரண்டையும் நீக்கிவிட்டால் எஞ்சும் சதகுப்பைக்கும் சோடாவுக்கும் பயன் உண்டென்பதற்கு உறுதியான சான்று கிடைக்கவில்லை. 1990களில் அம்மருந்திலிருந்து மதுசாரம் நீக்கப்பட்டது. அதுவரை ஒன்றரை நூற்றாண்டுக் காலம், பிறந்த சில கிழமைகளேயான குழந்தைகளுக்கு மதுவின் ஒரு துளியை அன்னையர் தம்மையறியாமலே ஊட்டி வந்தனர்.

நம் நாட்டு வழக்கத்தையும் இங்கே நேர்மையோடு நோக்குதல் வேண்டும். கிறைப் வாட்டர் வருமுன்னரே சதகுப்பையும் ஓமமும் நம் வீடுகளில் இருந்தன. பெருங்காயத்தைக் குழைத்துக் கொப்பூழைச் சுற்றிப் பூசும் வழக்கமும் இருந்தது. யாவற்றிலும் மேலாக வசம்பு இருந்தது. பிள்ளை வளர்ப்பான் என்று அதற்கொரு பெயர். இரவிலே அதன் பெயரைச் சொல்லலாகாதென்று பேர் சொல்லா மருந்து என மற்றொரு பெயர். விளக்கிற் சுட்டு, கல்லில் உரைத்து, தாய்ப்பாலிற் குழைத்துக் குழந்தையின் நாவிலே தடவுவர். மேனாட்டாரின் அபினியைப் பழிக்கும் நாம் நம் வசம்பைச் சோதனைக்கு அப்பாற்பட்டதென்று கொள்ளுதல் நடுவுநிலை ஆகாது. வசம்பெண்ணெயிலுள்ள அசறோன் என்னும் பொருள் எலிகளிற் புற்றுநோயை உண்டாக்கக் கண்டு, 1968ஆம் ஆண்டில் அமெரிக்க அரசு உணவுப் பொருள்களில் வசம்பு சேர்ப்பதைத் தடைசெய்தது. பிறந்த குழந்தைக்கு முதல் ஆறு மாதம் தாய்ப்பாலன்றி நீருங்கூட வேண்டியதில்லை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. வசம்பை வாசலிற் கட்டினால் கேடில்லை. வாயில் வைத்தலே தவிர்க்கத்தக்கது.

பழைய மருந்துகளே இவ்வாறு பிழைத்தன, நவீன விஞ்ஞானம் பிழைக்கவில்லை என்று நேயர்கள் எண்ணிவிடலாகாது. வயிற்றுத் தசையைத் தளர்த்தும் டைசைக்குளோமீன் என்னும் மருந்து அழும் குழந்தைகளுக்குப் பல நாடுகளிற் கொடுக்கப்பட்டது. சில குழந்தைகளுக்கு மூச்சுத் திணறல் உண்டாகக் கண்டு, 1980களின் நடுவில் ஆறு மாதத்துக்குக் குறைந்தவர்க்கு அது கூடாதென்றனர். எதுக்களிப்புக்குக் கொடுத்த சிசப்பிரைட் என்னும் மருந்து இதயத் துடிப்பைக் குலைப்பதாகக் கண்டு 2000ஆம் ஆண்டில் அமெரிக்கச் சந்தையிலிருந்து நீக்கப்பட்டது. இரைப்பையின் அமிலத்தைக் குறைக்கும் மருந்துகளைப் பெற்ற குழந்தைகளும், வெறும் போலி மருந்து பெற்ற குழந்தைகளும் ஏறத்தாழ ஒரே அளவில் அழுதனர் என்பதைப் பின்வந்த சோதனைகள் காட்டின.

இனி, மருந்தை விட்டுக் கிடத்தும் முறைக்கு வருவோம். வரலாற்றின் மிகத் துயரமான பகுதி இதுவே. பாலைக் கக்கும் குழந்தையை எவ்வாறு கிடத்துவது? நிமிர்த்தி வைத்தால் பால் கீழே நிற்கும் என்று எண்ணுவது இயல்பு. வட அயர்லாந்தின் பெல்பாஸ்ற் நகரைச் சேர்ந்த ஐவோ கரே என்னும் வைத்தியர், இரைப்பையின் ஒரு பகுதி நெஞ்சறைக்குள் ஏறிய குழந்தைகளை நாற்காலி போன்றதொரு ஆசனத்தில் இரவும் பகலும் நிமிர்த்தி வைக்கும் சிகிச்சையை 1960ஆம் ஆண்டில் எழுதினார். அதனைப் பின்பற்றி, வெறுமனே கக்கும் குழந்தைகளையும் சாய்வாசனத்தில் இருத்தும் வழக்கம் பரவிற்று. 1983ஆம் ஆண்டில் சூசன் ஒறென்ஸ்ரைன் முதலிய அமெரிக்க வைத்தியர்கள் குழந்தைகளின் உணவுக்குழாயில் நுண்கருவி வைத்து அளந்தனர். ஆசனத்தில் இருந்த குழந்தைக்கு எதுக்களிப்புக் குறையவில்லை, கூடியது. இடுப்பு மடிந்து சரிந்திருக்குங்கால் வயிறு அமுங்குவதே காரணம். அத்துணை ஆண்டுகளாக எவரும் அளந்து பாராமல் நம்பியது ஒரு நாளிற் பொய்யாயிற்று.

மற்றொரு வழி, குப்புறக் கிடத்துதல். மல்லாந்து கிடக்கும் குழந்தை கக்கினால் அப்பால் மூச்சுக்குழாயிற் புகுந்து இறந்துவிடும் என்று அஞ்சினர். உலகெங்கும் இலட்சக்கணக்கான பெற்றோர் கைக்கொண்ட பெஞ்சமின் ஸ்பொக்கின் குழந்தை வளர்ப்பு நூல் 1946ஆம் ஆண்டில் முதன்முதல் வெளிவந்தது. 1950களின் பிற்பகுதியில் அவரும் குப்புறக் கிடத்தலையே விரும்பத்தக்கதென்றார். குப்புறக் கிடந்த குழந்தை ஆழ்ந்து உறங்கியது, குறைவாக அழுதது, குறைவாகவே கக்கியது. கண்ணாற் கண்ட இந்நன்மைகளை யார் மறுப்பர்? மருத்துவமனைகளும் தாதிமாரும் அவ்வாறே கற்பித்தனர். நியூயோர்க் நகரத்து வைத்தியர் ஹறோல்ட் ஏபிரகாம்சன், குப்புறக் கிடந்த குழந்தைகளின் மூச்சடைப்பு மரணங்களை 1944ஆம் ஆண்டிலேயே சுட்டியிருந்தும் அக்குரல் எடுபடவில்லை.

அதன் விளைவு மெல்ல மெல்லத் தெரிந்தது. இரவிலே நலமாய்க் கிடத்திய குழந்தை விடியலிற் குளிர்ந்து கிடந்தது. காரணம் ஒன்றும் காணாமையால் தொட்டில் மரணம் என்று அதற்குப் பெயரிட்டனர். ஒல்லாந்திலே 1970களின் தொடக்கத்திற் குப்புறக் கிடத்தும் வழக்கம் பரவியபின் இம்மரணங்கள் பெருகியதை டி யொங்கே என்னும் வைத்தியர் கண்டு, 1987ஆம் ஆண்டில் அதனைக் கைவிடும்படி எச்சரித்தார். அவுஸ்திரேலியாவின் அடிலெயிட் நகரில் சூசன் பீல் என்னும் அம்மையார், குழந்தையை இழந்த ஐந்நூறுக்கு மேற்பட்ட வீடுகளுக்கு நேரிற் சென்று, அக்குழந்தை எவ்வாறு கிடத்தப்பட்டிருந்தது என்று பொறுமையோடு கேட்டறிந்தார். 1985ஆம் ஆண்டில் டேவிஸ் என்னும் வைத்தியர் ஹொங்கொங்கிலிருந்து ஒரு கட்டுரை எழுதினார். நெருக்கமாக வாழும் அந்நகரத்தில் இம்மரணம் மிக அரிது; அங்குள்ள சீனர் தம் குழந்தைகளை மல்லாத்தியே கிடத்தும் மரபினர் என்பதை அவர் எடுத்துக்காட்டினார். மேனாட்டு நூல்களைப் படியாத கிழக்குத் தேசத்துப் பாட்டிமாரின் வழக்கமே குழந்தையைக் காத்து நின்றது.

இங்கிலாந்தின் பிறிஸ்ரல் நகரிற் பீற்றர் பிளெமிங் 1990ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வும், நியூசிலாந்தில் எட்வின் மிச்சல் முதலியோர் நடத்திய ஆய்வும் ஐயத்தை நீக்கின. 1991ஆம் ஆண்டில் இவ்விரு நாடுகளிலும், 1994ஆம் ஆண்டில் அமெரிக்காவிலும் குழந்தையை மல்லாத்திக் கிடத்துக என்னும் பிரசாரம் தொடங்கிற்று. அமெரிக்காவில் 1992ஆம் ஆண்டுக்கும் 2001ஆம் ஆண்டுக்குமிடையே தொட்டில் மரணம் பாதிக்குமேல் குறைந்தது. ஒரு மருந்தில்லை, ஒரு கருவியில்லை, ஒரு சதம் செலவில்லை. 2005ஆம் ஆண்டில் ரூத் கில்பேட் முதலிய ஆய்வாளர் பழைய ஆய்வுகளையெல்லாம் தொகுத்துப் பார்த்தனர். 1970ஆம் ஆண்டளவிலேயே சான்றுகளைத் திரட்டி ஆராய்ந்திருந்தால் பிரித்தானியாவிற் பதினாயிரத்துக்கு மேற்பட்ட குழந்தைகளையும், ஐரோப்பா, அமெரிக்கா, அவுத்திரலேசியப் பகுதிகளிற் குறைந்தது ஐம்பதினாயிரம் குழந்தைகளையும் காப்பாற்றியிருக்கலாம் என்று அவர்கள் கணித்தனர். இருபது ஆண்டுத் தாமதத்துக்கு இவ்வளவு விலை!

மல்லாந்து கிடக்கும் குழந்தை கக்கினால் மூச்சடைக்காதா என்னும் அச்சம் இன்றும் பல அன்னையர் நெஞ்சில் உண்டு. உடலின் அமைப்பை நோக்கினால் அவ்வச்சம் நீங்கும். நிற்கும் மனிதனில் மூச்சுக்குழாய் முன்னும் உணவுக்குழாய் பின்னுமாக உள்ளன. மல்லாந்து படுக்குங்கால் மூச்சுக்குழாய் மேலேயும் உணவுக்குழாய் கீழேயும் அமைகின்றன. எதுக்களித்து வரும் பால் கீழேயுள்ள குழாயிலிருந்து மேலே ஏறினாலன்றி மூச்சுக்குழாயிற் புக முடியாது. குப்புறக் கிடத்தினால் இந்நிலை தலைகீழாகின்றது. எதனை அஞ்சிக் குப்புறக் கிடத்தினரோ, அதற்கு வாய்ப்பான நிலையும் அதுவே. மல்லாத்திக் கிடத்தும் வழக்கம் வந்தபின் பால் புரையேறி இறந்த குழந்தைகளின் தொகை கூடவில்லை. பாலைக் கக்கும் குழந்தைக்கும் இவ்விதியே பொருந்தும் என்பது இன்றைய மருத்துவ சங்கங்களின் துணிபு.

இத்துணையும் அறிந்தபின்னும் பழைய பிழை புதுவேடத்தில் மீண்டும் வந்தது. கக்கும் குழந்தைகள் சாய்ந்து உறங்குவதற்கென்று சரிவான படுக்கைகள் அமெரிக்காவில் விற்கப்பட்டன. அவற்றில் ஒருவகை மட்டும் நாற்பத்தேழு இலட்சம் விற்ற பின்னர், முப்பதுக்கு மேற்பட்ட குழந்தைகள் அவற்றில் இறந்தமை தெரியவந்து, 2019ஆம் ஆண்டில் மீளப்பெறப்பட்டது. சரிவிலே குழந்தையின் தலை முன்சாய்ந்து மூச்சு தடைப்படுவதும், எளிதிற் புரண்டு முகம் புதைவதும் இடராகும். 2022ஆம் ஆண்டில் இத்தகைய படுக்கைகளை அந்நாடு சட்டத்தால் விலக்கியது. நம் வீட்டு ஏணைக்கும் இதில் ஒரு பாடம் உண்டு. ஏணையிலே தாலாட்டுவது இனிது. ஆனால் சேலை வளைந்து குழந்தையின் மோவாய் நெஞ்சில் முட்டும்படி கிடக்குமாயின், முதல் மாதங்களில் அது ஆபத்தானது. உறங்கிய குழந்தையைச் சமமான, உறுதியான, தலையணையற்ற படுக்கையில் மல்லாத்திக் கிடத்துதலே தக்கது.

அவ்வாறாயின் பாலைக் கக்கி அழும் குழந்தைக்குப் பகலுறக்கம் வாய்ப்பது எப்படி? வரலாற்றின் சல்லடையிலே தங்கியவை சிலவே. பாலைச் சிறிது சிறிதாகப் பலமுறை ஊட்டலாம். ஊட்டியபின் இருபது முப்பது நிமிடம் தோளில் நிமிர்த்தி வைத்திருக்கலாம். முதுகைத் தட்டி ஏவறை எடுப்பித்தல் நம் பழைய வழக்கம். சண்டிகாரில் நடந்து 2015ஆம் ஆண்டில் வெளியான ஒரு சோதனை, அதனால் அழுகை குறையவில்லை என்றும் கக்கல் சற்றுக் கூடியது என்றும் காட்டியது. ஆகவே மெல்லத் தட்டினாற் போதும். ஏவறை வரவில்லையே என்று வருந்த வேண்டியதில்லை.

தூக்கி வைத்திருத்தலைப் பற்றியும் ஆராய்ந்துள்ளனர். 1986ஆம் ஆண்டில் கனடாவின் மொன்றியல் நகரில், நாள்தோறும் கூடுதலாகத் தூக்கி வைத்திருந்த குழந்தைகள் ஆறாங் கிழமையில் நாற்பத்து மூன்று வீதம் குறைவாக அழுததை ஹன்சிக்கரும் பார் என்பவரும் கண்டனர். ஏற்கனவே மிகுதியாக அழத் தொடங்கிவிட்ட குழந்தைகளுக்கு இது அவ்வளவு பயன்படவில்லை என்பதையும் பார் அவர்களே 1991ஆம் ஆண்டில் மறைக்காது எழுதினார். 2022ஆம் ஆண்டில் யப்பானிய விஞ்ஞானி குமி குரோடா அம்மையாரின் குழுவினர் குழந்தையின் நாடித் துடிப்பை அளந்து ஒரு முறை கண்டனர். அழும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஐந்து நிமிடம் நடக்க வேண்டும். உறங்கிய பின் உடனே கிடத்தாமல், ஐந்து முதல் எட்டு நிமிடம் மடியில் வைத்து அமர்ந்திருந்து, பின்னரே கிடத்த வேண்டும். குழந்தையை விழிக்கச் செய்வது பெரும்பாலும் உடலிலிருந்து உடல் பிரியும் அக்கணமே. தோளிற் சாத்தி முற்றத்தில் நடந்த நம் பாட்டிமாருக்கு இது புதிதன்று.

ஓர் எச்சரிக்கையும் கூறல் வேண்டும். கக்குவது பச்சையாகவோ இரத்தம் கலந்தோ இருந்தாலும், விசையோடு பீறிட்டாலும், நிறை ஏறாவிட்டாலும், காய்ச்சல் கண்டாலும், பால் குடிக்க மறுத்தாலும் அது தானே தணியும் துன்பம் அன்று. தாமதமின்றி வைத்தியரிடம் செல்லல் வேண்டும்.

நம் புலவர் பிள்ளைத்தமிழ் பாடியபோது மாதங்களை எண்ணிப் பருவம் வகுத்தனர். ஐந்தாம் மாதம் தலையெடுத்து ஆடும் செங்கீரை, ஒன்பதாம் மாதம் கைகொட்டும் சப்பாணி, பதின்மூன்றாம் மாதம் நடந்துவர அழைக்கும் வருகை என்பன அவற்றுட் சில. எதுக்களிப்பும் இப்பருவங்களோடு ஒத்தே செல்கின்றது. செங்கீரைக்குச் சற்றுமுன் உச்சமடைந்து, சப்பாணியில் தளர்ந்து, வருகைப் பருவத்தில் விடைபெறுகின்றது. குழந்தை வளர்வதே மருந்து. வளரும்வரை காத்திருக்கப் பெரியோருக்கு வலிமை வேண்டும்.

அவ்வலிமை தாய் ஒருத்தியிடமிருந்து வரமாட்டாது. மான்செஸ்ரர் ஆலைப் பெண்ணுக்கு மருந்து குறைந்திருக்கவில்லை. குழந்தையைத் தூக்கும் கை குறைந்திருந்தது. அந்தக் கையின் இடத்திலேதான் போத்தல் வந்து நின்றது. இலங்கையில் 1939ஆம் ஆண்டிலே மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டம் தொழில்புரியும் பெண்களுக்கு விடுமுறை உரிமை தந்தது. மலையகத் தோட்டங்களில் கொழுந்து கிள்ளச் செல்லும் தாய்மார் குழந்தைகளைப் பிள்ளை மடுவத்தில் விட்டுச் சென்றனர். சட்டமும் மடுவமும் கூட்டுக் குடும்பமும் ஒரே தேவையிலிருந்து எழுந்தவை. இன்று ஆடைத் தொழிற்சாலைக்குச் செல்லும் தாய்க்கும், நகரத்து மாடிவீட்டில் துணையின்றி இருக்கும் தாய்க்கும் அத்தேவை தீர்ந்துவிடவில்லை. அயல்வீட்டிலே குழந்தை விடாது அழுங்கால், என்ன மருந்து கொடுக்கலாம் என்று சொல்லி அனுப்புவதிலும், ஒரு மணி நேரம் அக்குழந்தையை வாங்கித் தோளிற் போட்டுக்கொண்டு அதன் தாயை உறங்கச் சொல்வது சிறந்த உதவியாகும்.